16 சோதனைப் பட்டி: எழுவான்கரைக் கிணறுகளுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து மீன்தொட்டிக் கடைகளிலும் இணையத்தில் ஓடர் போட்டும் வாங்கக்கூடிய ‘16 இன் 1’ தண்ணீர்ப் பரிசோதனைப் பட்டியைப் பற்றிய மதிப்பீடு இது. சிறு பிளாஸ்டிக் போத்தலில் 50 அல்லது 100 பட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வரிசையாக 16 நிறச் சதுரங்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிற அட்டை. பல பெயர்களில் வந்தாலும் வேலை செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றேதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நைத்திரேற்று, வன்மை (கடினத்தன்மை), பீஎச் (அமிலமா காரமா என்ற அளவு), குளோரின் ஆகிய நான்கிற்காகவும் வாங்கலாம். இரும்புக்கு அரைகுறை. ஈயம், இரசம் (பாதரசம்) என்று பெயர் போட்ட சதுரங்களை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கிருமியையும் பூச்சிநாசினியையும் இந்தப் பட்டி பார்ப்பதே இல்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டு வாங்கினால் கொடுத்த காசுக்குப் பெறுமதியான பொருள். பதினாறையும் நம்பி வாங்கினால் தப்பான நிம்மதிதான் மிஞ்சும்.

நம் கரையோரத்துக்கு இதில் முதன்மையானது நைத்திரேற்றுச் சதுரம். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை, சூரியன் எழும் கடலோரப் பக்கமான எழுவான்கரை பெரும்பாலும் மணல். கடலுக்கும் வாவிக்கும் நடுவே, உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக நல்ல தண்ணீர் மிதக்கிறது. சில அடி தோண்டினாலே ஊறும் அந்த அடுக்கிலிருந்துதான் கிணறு வாங்குகிறது. மலசலகூட உறிஞ்சுகுழி கழிவை இறக்குவதும் அதே அடுக்குக்குள்தான். குழியிலிருந்து வெளியேறும் அமோனியாவை, காற்றோட்டமுள்ள மணலில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றிவிடும். நைத்திரேற்று மணலில் ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது விடச் சொல்வது வழக்கம். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போன்று வளவுகள் நெருங்கிய ஊர்களில் அந்த இடைவெளி எத்தனை வீட்டுக்குக் கிடைக்கும்? உங்கள் குழி தூரத்தில் இருந்தாலும் பக்கத்து வளவுக் குழி உங்கள் கிணற்றை ஒட்டி இருக்கலாம். களுதாவளைப் பக்கம் மிளகாயும் வெற்றிலையும் மரக்கறியும் வைத்து, அடிக்கடி தண்ணீர் இறைத்து, யூரியாப் பசளை போடும் மணல் தோட்டங்களிலும் இதே கதை. அங்கே வருமிடம் பசளை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சும் தண்ணீரில் அதன் செறிவு கூடும். ஆறு மாதம் நிரம்பாத, போத்தல் பால் குடிக்கும் குழந்தைக்கு இது இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் குறைத்து உடலை நீலம்பாரிக்கச் செய்யும். ஆகவே பால்மா கரைக்கும் வீட்டில் ‘நல்லாக் கொதிக்கவச்ச தண்ணிதானே’ என்று விட்டுவிட முடியாது.

இனி, பட்டியின் பெரிய சிக்கலுக்கு வருவோம். நைத்திரேற்றின் அளவை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று, நைத்திரேற்று முழுவதையும் நிறுத்துச் சொல்வது. மற்றது, அதிலுள்ள நைதரசனை மட்டும் நிறுத்துச் சொல்வது. இரண்டாவது எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் முதலாவது வரும். குடிதண்ணீருக்கான இலங்கையின் எஸ்எல்எஸ் 614 தரமும் உலக சுகாதார அமைப்பும் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது முழு நைத்திரேற்றாகக் கணக்கிட்டது. நைதரசனாகச் சொன்னால் அதே எல்லை 11 சொச்சம். அமெரிக்க முறையைப் பின்பற்றும் குடிதண்ணீர்ப் பட்டிகள் பெரும்பாலும் நைதரசன் கணக்கில் எண் போட்டு, 10 ஐ எல்லையாகக் காட்டுகின்றன. மீன்தொட்டிப் பட்டிகள் பெரும்பாலும் முழு நைத்திரேற்றுக் கணக்கு. இரண்டும் ஒரே கடையில், ஒரே அலுமாரியில் இருக்கும்.

விளைவைப் பாருங்கள். நைதரசன் கணக்குப் பட்டி 25 காட்டுகிறது. ‘இலங்கை எல்லை 50, நமக்குப் பாதிதான்’ என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். உண்மையில் அந்தத் தண்ணீரில் இருப்பது 110, எல்லையின் இரு மடங்குக்கும் மேல். தலைகீழாகவும் நடக்கும்: முழு நைத்திரேற்றுப் பட்டி 25 காட்டும்போது, இணையத்தில் 10 என்ற எல்லையைப் படித்தவர் தேவையில்லாமல் கிணற்றைக் கைவிடுவார். நிற அட்டையில் ‘நைட்ரேட்’ என்று மட்டும் போட்டு, எந்தக் கணக்கு என்று சொல்லாத தயாரிப்புகள் கடைகளில் தாராளமாகக் கிடக்கின்றன. நைத்திரைற்று என்னும் வேறொரு நைதரசன் சேர்வைக்கான சதுரத்திலும் இதே குழப்பம்தான். அதற்கு எல்லை லீற்றருக்கு 3 மில்லிகிராம், நைதரசன் கணக்கில் 0.9.

இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் பொற்றாசியம் நைத்திரேற்று இருக்கும், நுண்தராசும் இருக்கும். 1.63 கிராம் நிறுத்து, காய்ச்சி வடித்த நீர் ஒரு லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள தாய்க் கரைசல் கிடைக்கும். அதில் 50 மில்லிலீற்றர் எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் ஒரு லீற்றராக்கினால் சரியாக எல்லை அளவான 50 வரும். பட்டியை அதில் தோயுங்கள். நிறம் அட்டையின் 50 ஓடு பொருந்தினால் முழு நைத்திரேற்றுக் கணக்கு. 10 ஓடு பொருந்தினால் நைதரசன் கணக்கு. இரண்டிலும் சேராமல் எங்கோ நின்றால் அந்தப் போத்தல் பழுதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கரைசல் போத்தலில் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பற்றறிக்கு ஊற்றும் தண்ணீரைக் காய்ச்சி வடித்த நீராகப் பாவிப்பதானால், முதலில் வெறும் தண்ணீரிலேயே ஒரு பட்டியைத் தோய்த்து, நைத்திரேற்றுச் சதுரம் வெள்ளையாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

அந்தச் சதுரம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்திருந்தால் தவறு குறையும். அதில் நாகத் (துத்தநாகத்) தூள் இருக்கிறது. அது நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும், பிறகு மற்ற இரசாயனங்கள் அதோடு சேர்ந்து இளஞ்சிவப்பு நிறம் தரும். அப்படியென்றால் தண்ணீரில் ஏற்கெனவே நைத்திரைற்று இருந்தாலும் இந்தச் சதுரம் சிவக்கும். ஆகவே இரண்டு சதுரங்களையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். நைத்திரைற்றுச் சதுரம் தனியே சிவந்தால், அழுக்கு அண்மையில், கிட்ட இருந்துதான் வருகிறது என்று சந்தேகிக்கலாம். கிணற்றுக்கு ரீசீஎல் என்னும் குளோரின் பவுடர் போட்ட பிறகு சோதிப்பதும் பிழை. கூடிய குளோரின் நிறத்தை வெளுத்துவிடும். குளோரின் சதுரம் வெள்ளைக்குத் திரும்பும் வரை பொறுத்திருக்கவேண்டும்.

பட்டியைப் பாவிப்பது சுலபம், கெடுப்பதும் அதே அளவு சுலபம். ஒரு கோப்பையை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். பட்டியை முழுதாக முக்கி, இரண்டு எண்ணும் நேரத்தில் எடுத்து, ஒரு முறை உதறி, மட்டமாகப் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு சதுரத்தின் நிறம் வழிந்து அடுத்ததில் கலக்கும். நைத்திரேற்றுக்கு 60 விநாடி, மற்றவற்றுக்கு அட்டை சொல்லும் நேரம். இரண்டு நிமிடம் கழித்து வாசித்தால் நிறங்கள் மாறி எண் தப்பாகும். வாசிப்பது பகல் வெளிச்சத்தில், நேரடி வெயில் படாத திண்ணையில். மஞ்சள் குமிழுக்குக் கீழே இளஞ்சிவப்பின் படிகளைப் பிரிக்கவே முடியாது. நிறம் 50 க்கும் 100 க்கும் நடுவில் நின்றால் கண்ணால் ஊகிக்கவேண்டாம். ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து திரும்பச் சோதித்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். ஒற்றைப் பட்டியை உற்றுப் பார்ப்பதைவிட இது தெளிவான விடை தரும்.

நைத்திரேற்றுச் சதுரம் வெள்ளையாகவே நின்றால் குழித் தண்ணீர் கலக்கவில்லை என்று அர்த்தமா? மேட்டு மணலில் பெரும்பாலும் ஆம். வாவி ஓரத்திலும், கண்டல் வளர்ந்த கறுப்புச் சேற்று நிலத்திலும் அப்படி எடுக்கவே கூடாது. அங்கே மண்ணுக்குள் ஒட்சிசன் இல்லை. அமோனியா அமோனியாவாகவே நின்றுவிடும், இருக்கும் நைத்திரேற்றும் வாயுவாகிப் போய்விடும். பல பட்டிகளில் அமோனியாவுக்குச் சதுரம் இல்லாததால் குழித் தண்ணீரே கலந்திருந்தாலும் ‘0’ என்று காட்டும். இது இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை என்பது எங்கள் அபிப்பிராயம். வாவிக் கரை வீடுகள் மீன்தொட்டிக் கடையில் அமோனியாத் துளிச் சோதனையைத் தனியாக வாங்கவேண்டும்.

மற்றச் சதுரங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வன்மைச் சதுரம் நன்றாக வேலை செய்கிறது, எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதியிலும் கருங்கல் நிலத்துக் குழாய்க்கிணறுகளுக்கு இது பயன்படும். பீஎச் 6.5 இலிருந்து 8.5 வரை இருக்கலாம், அதைப் பட்டி போதுமான அளவு காட்டும். குளோரின் சதுரத்தின் உண்மையான பயன் குழாய்த் தண்ணீருக்கு. உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் தண்ணீர் உங்கள் தாங்கியில் நின்ற பிறகும் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கலாம். குழாயடியில் ஒன்று, தாங்கிக்குப் பிறகு ஒன்று என இரண்டு பட்டி போதும். இரும்புக்கு எல்லை 0.3. குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வெளியே வரும்போது கண்ணாடி போலிருந்து, வாளியில் நின்றபின் மஞ்சளாகும், காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகப் படிவதால். படிந்த பிறகு தோய்த்தால் பட்டி குறைத்தே காட்டும், எடுத்த கையோடு சோதிக்கவேண்டும். வாளியில் மஞ்சள் கறை பிடிக்கிற வீட்டுக்கு இரும்பைச் சொல்லப் பட்டியே தேவையில்லை.

புளோரைட்டுச் சதுரம் பற்றி ஒரு வார்த்தை. அம்பாறை உட்பகுதிப் பாறைகளிலிருந்து தானாகவே தண்ணீரில் கரைந்து வருகிற ஒன்று அது, யாரும் கொட்டியதல்ல. எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். குழந்தைகளின் பல்லில் கறை விழும் ஊர்களில் அரை மில்லிகிராம் வித்தியாசமே முக்கியம். பட்டியின் படிகளோ அகலமானவை. சந்தேகம் வந்தால் ஆய்வுகூடத்துக்குத்தான் போகவேண்டும். சிறுநீரக நோயைப் பற்றிப் பயந்து இந்தப் பட்டியை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒற்றைப் பொருளை ஆய்வுகள் இன்னும் முடிவாகக் காட்டவில்லை. ஆகவே எந்தப் பட்டியாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஈயம், இரசம் ஆகிய பார உலோகச் சதுரங்களைப் பெட்டியின் விளம்பரமாகவே நாங்கள் எண்ணுகிறோம். ஈயத்துக்குக் குடிதண்ணீர் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். இவ்வகைப் பட்டியின் நிறப்படிகள் அந்த எல்லைக்கு மேலேதான் தெளிவாகப் பிரிகின்றன. கீழே இருப்பதைக் கண் பிடிக்காது, மற்ற உப்புகளும் குறுக்கிடும். வயல்களில் போடும் ரீஎஸ்பி என்னும் பொசுபேற்றுப் பசளையோடு சிறு அளவில் வரக்கூடிய கட்மியம் என்னும் பார உலோகத்துக்குச் சதுரமே கிடையாது. அதன் எல்லை 0.003. இவற்றுக்குப் பெரிய கருவியுள்ள ஆய்வுகூடம் வேண்டும். களைநாசினி, பூச்சிநாசினிகளும் அப்படியே. பரகுவாட்டை 2011 இல் முற்றாகத் தடைசெய்த நாடு இது. கிளைபோசேட்டை 2015 இல் தடைசெய்து, பிறகு அனுமதித்ததும் இந்த நாடுதான். மக்கள் இவ்வளவு பேசிய பொருட்களை வீட்டில் சோதிக்க ஒரு சதுரம்கூட இல்லாதது வருத்தமான உண்மை. வயல் ஓரத்துக் கிணறு என்றால், மருந்தடித்த நாட்களிலும் முதல் பெருமழைக்குப் பிறகும் குடிக்க எடுக்காமல் விடுவது பட்டியைவிட நல்ல பாதுகாப்பு.

பட்டியோடு சேர்த்துக் கடைக்காரர் நீட்டும் டீடிஎஸ் மீற்றரையும் தெளிவாக்கிக்கொள்வோம். அது அளப்பது மின் கடத்தும் தன்மையை மட்டும். அதை ஒரு காரணியால் பெருக்கிக் கரைந்த திண்மங்கள் என்று காட்டுகிறது. காரணி சில மீற்றரில் 0.5, சிலதில் 0.7. அதனால் ஒரே தண்ணீரை ஒரு மீற்றர் 500 என்றும் மற்றது 700 என்றும் காட்டும். 5 கிராம் சாப்பாட்டு உப்பை ஒரு லீற்றரில் கரைத்து, அதில் 100 மில்லிலீற்றரைக் காய்ச்சி வடித்த நீரால் ஒரு லீற்றராக்கினால் உப்பு 500 மில்லிகிராம். உங்கள் மீற்றர் இதை 500 அளவில் காட்டுகிறதா, 700 அளவிலா என்று பார்த்தால் காரணி தெரிந்துவிடும். உப்பேறுவதைக் கவனிக்க இது அருமையான கருவி. 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கம் கிணறுகளைச் சுத்தம் பண்ண மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்த உப்புத் தண்ணீர் மேலே ஏறும் என்று எச்சரித்தார்கள். ஆடி ஆவணி வரட்சியில் மோட்டர் ஓட ஓட எண் ஏறுகிறதா என்று பார்த்து நிறுத்த இந்த மீற்றர் உதவும். நைத்திரேற்று 100 இருந்தாலும் மொத்தம் 300 தான் என்றால் மீற்றர் ‘நல்ல தண்ணீர்’ என்றே காட்டும். கிருமிக்கு அதில் ஒரு எண்ணும் ஏறாது.

வீடு தேடி வரும் பில்டர் விற்பனையாளர்கள் சிலர் இரண்டு சோடிக் கம்பியுள்ள இன்னொரு கருவியைக் கொண்டுவருவார்கள். ஒரு கிளாசில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அவர்களின் பில்டர் தண்ணீர். கரன்ட் கொடுத்ததும் உங்கள் கிளாஸ் கபிலமாகிக் கட்டி கட்டியாகப் படியும், மற்றது தெளிவாக நிற்கும். அந்தக் கபிலம் கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் கரன்ட் ஓடும், கம்பி கரையும். பில்டர் தண்ணீரில் உப்பு இல்லாததால் கம்பி கரையவில்லை. அவர்களின் தண்ணீருக்குள் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள், அதுவும் கபிலமாகும். நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி வடிக்கும் ஆர்ஓ பில்டர் நைத்திரேற்றின் பெரும் பகுதியை அகற்றும் என்பது உண்மை. கரி பில்டரும் செரமிக் பில்டரும் அகற்றாது. அதை அறிய இந்தக் கண்கட்டு தேவையில்லை. பில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நைத்திரேற்றுப் பட்டி தோய்த்தால் போதும்.

கிருமிக்கு, கறுக்கும் போத்தல் என்று சொல்லக்கூடிய ஐதரசன் சல்பைட்டுச் சோதனையைப் பட்டியோடு சேர்த்து வாங்கலாம். தண்ணீரை அடையாளக் கோடுவரை ஊற்றி மூடி, வீட்டுச் சூட்டில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக் கலப்பு இருக்கலாம் என்று பொருள். முட்டை அழுகிய மணம் ஏற்கெனவே வீசும் வாவிக் கரைத் தண்ணீர் கிருமி இல்லாமலும் கறுக்கும், அங்கே இதை நம்பவேண்டாம். கறுத்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, முறையாக மாதிரி எடுக்கச் செய்யுங்கள். கிருமிச் சோதனை மாதிரி ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடம் போய்ச் சேரவேண்டும்.

எப்போது சோதிப்பது? வருடத்தில் இரண்டு தடவை. மாரியில், நீர்மட்டம் குழியின் அடியை எட்டும் மார்கழி தை மாதத்தில் ஒன்று. வரட்சியின் உச்சத்தில், தண்ணீர் வற்றிச் செறிவு கூடும் ஆவணியில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் திகதி, கிணற்று வாயிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை அடி, நைத்திரேற்று எண், எந்தக் கணக்கு ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். கட்டணம் கட்டி ஆய்வுகூடத்தில் முழுச் சோதனை செய்யும் நாளில் அதே தண்ணீரில் ஒரு பட்டியும் தோய்த்துக்கொண்டால் உங்கள் போத்தல் எவ்வளவு விலகுகிறது என்பது கையில் வந்துவிடும்.

நமது ஈரக்காற்று இந்தப் பொருளுக்கு எதிரி. ஒரு பட்டியை எடுத்த உடனே மூடாவிட்டால் மற்றவை ஈரம் இழுத்துப் பழுதாகும். ஈரக் கையால் தொடக்கூடாது, உள்ளே கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பையை எறியக்கூடாது, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் கூடாது. வெளியே எடுத்ததும் போத்தலுக்குள் நீர் பனிக்கும். தோய்க்காத பட்டியிலேயே நைத்திரேற்றுச் சதுரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்தப் போத்தல் முடிந்தது. திறந்தபின் மூன்று மாதத்துக்கு மேல் நம்புவது கஷ்டம். ஆகவே ஒரு வீடு தனியே 100 பட்டி வாங்குவது நட்டம். பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கி, ஒரே காலையில் எல்லாக் கிணறும் பார்த்தால் ஒழுங்கை முழுவதிலும் நைத்திரேற்று எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்பதும் தெரியும். தனியாகத்தான் வாங்கவேண்டும் என்றால், ஒவ்வொரு பட்டியும் தனித்தனி அலுமினியப் பையில் வருவதைத் தேடுங்கள். விலை கூட, ஆனால் மாரியைத் தாண்டும். கடையில் காசு கொடுக்க முன் நிற அட்டையைத் திறந்து பாருங்கள். நைத்திரேற்று எந்தக் கணக்கில் என்று அச்சிடாத போத்தலை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வைத்துவிட்டு வாருங்கள்.